கடன் கிடைக்கவில்லை என்று இனி எழுதாதீர்கள்

கேள்வி: கிழக்குக் கடற்கரைச் சாலையையொட்டிய ஓர் ஊராட்சியில், மணலைத் தொட்டு நிற்கும் வீடு ஒன்றுக்கு 95 லட்சம் ரூபாய் விலை பேசி, 15 லட்சம் முன்பணம் கொடுத்து, கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்தேன். நான்கு மாதக் கெடுவில் இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. 2008இல் ஊராட்சி அனுமதியோடு கட்டிய வீடு. கடல்நீர் ஏறிவரும் எல்லையான உயர் அலைக் கோட்டிலிருந்து 70 மீட்டரில் இருப்பதால் கடன் தர முடியாது என்று வங்கி சொல்லிவிட்டது. தரகர் இதை மறைத்துவிட்டார். விற்பவர் என்னோடு பல ஆண்டுகள் ஒரே பள்ளியில் வேலை பார்த்தவர்; இப்போது முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ‘வங்கிக் கடன் வரவில்லை, இரண்டு மாதம் அவகாசம் வேண்டும்’ என்று வாட்ஸ்அப்பில் கேட்டேன். ‘12 லட்சம் குறைத்துக்கொள்கிறேன், சொன்ன தேதியில் முடியுங்கள், இல்லையென்றால் முன்பணம் திரும்பாது’ என்கிறார். குறைந்த விலைக்கு வாங்கிவிடலாமா, மோசடிப் புகார் கொடுக்கலாமா? ஒப்பந்த நகலை இணைத்திருக்கிறேன்.
- ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்

பதில்: தரகர் மறைத்ததும் பழைய நட்பு கசந்ததும் உங்கள் மனத்தை வருத்தும். வழக்கில் அவற்றுக்கு இடமில்லை. காவல் நிலையத்துக்குப் போனால், ‘இது உரிமையியல் தகராறு, நீதிமன்றத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்ற பதிலோடுதான் பெரும்பாலும் திரும்புவீர்கள். அதற்குள் கெடு முடிந்திருக்கும்.

நீங்கள் அனுப்பிய ஒப்பந்தத்தில் ஏழாவது பத்தியை மீண்டும் படியுங்கள். ‘மேற்படி கட்டடம் உரிய அனுமதிகள் அனைத்தும் பெற்றுக் கட்டப்பட்டது’ என்று விற்பவர் கையெழுத்துப் போட்டிருக்கிறார். ஊராட்சி அனுமதி இருந்தாலும், கடலோர விதிப்படி வேண்டிய அனுமதி இல்லையென்றால் இந்த உறுதி பொய். உங்கள் 15 லட்சம் இந்த ஒரு வரியில்தான் நிற்கிறது.

இந்த வரி இல்லாமல் அவர் வாய்மூடி இருந்திருந்தால் நீங்கள் பலவீனமான இடத்தில் நின்றிருப்பீர்கள். சொத்து மாற்றுச் சட்டத்தின் 55ஆம் பிரிவு, வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு கண்டுபிடிக்க முடியாத குறையைச் சொல்லும் கடமையைத்தான் விற்பவர்மேல் சுமத்துகிறது. கடலையொட்டிக் கட்டுவதைக் கட்டுப்படுத்தும் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை 1991 முதல் அரசிதழில் இருக்கிறது. கடல் கண்ணெதிரே இருக்கிறது. ‘பார்த்துத்தானே வாங்க வந்தார்’ என்று எதிர்த்தரப்பு கேட்கும். எழுதிக் கொடுத்த உறுதி பொய்யானால் அந்தக் கேள்வியின் கூர் மழுங்கும். ஆனாலும் அவர், ‘ஊராட்சி அனுமதியே போதும் என்று நானும் நம்பினேன்’ என்பார். அறியாமல் சொன்ன தவறான கூற்று என்று நீதிமன்றம் கருதினால், ‘நீங்கள் விசாரித்திருக்கலாமே’ என்ற வாதத்துக்கு மறுபடி உயிர் வந்துவிடும். வெல்லக்கூடிய வழக்குதான், ஆனால் பல ஆண்டுகள் இழுக்கும்.

நான் பயப்படுவது நீங்கள் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியை நினைத்து. இதே பள்ளத்தில் விழுந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். சொத்தில் குறை இருப்பது தெரிந்தும், உறவு கெட வேண்டாம் என்று ‘பணம் புரளவில்லை, கொஞ்சம் பொறுங்கள்’ என்று எழுதிவிடுவார்கள். மரியாதைக்காகச் சொன்ன அந்தச் சொல், ஒப்பந்தத்தை முறித்தவர் வாங்குபவரே என்பதற்குச் சாட்சியாகிவிடும். பணம் தயாரில்லை என்பது உங்கள் தவறு. அனுமதி இல்லை என்பது அவருடைய தவறு. நீங்களோ அவர் தவறை மறைத்து, உங்கள் தவறை மட்டும் எழுத்தில் கொடுத்திருக்கிறீர்கள். கொடுத்த பணத்துக்காகச் சொத்தின்மீதே வாங்குபவருக்கு ஒரு பொறுப்புரிமை உண்டு; அதாவது, அந்தப் பணத்துக்குச் சொத்தே ஈடாக நிற்கும். நியாயமான காரணமில்லாமல் கிரயத்தை மறுத்தவருக்கு அது கிடைக்காது. முன்பணத்தைப் பறிமுதல் செய்யலாம் என்ற பத்தி உங்கள் ஒப்பந்தத்தில் இருக்கிறது என்பதையும் மறக்காதீர்கள்.

எனவே இந்த வாரமே வழக்கறிஞர் மூலம் அறிவிப்பு அனுப்புங்கள். ஏழாவது பத்தியை அப்படியே எடுத்தெழுதி, தமிழ்நாடு மாநிலக் கடலோர மண்டல மேலாண்மை ஆணையத்தின் பரிந்துரையையும் கட்டட அனுமதியையும் பதினைந்து நாளில் காட்டும்படி கேளுங்கள். வங்கி மறுத்ததே அந்த அனுமதி இல்லாததால்தான் என்று தெளிவாக எழுதுங்கள். வங்கியின் மறுப்பையும் எழுத்தில் வாங்குங்கள். வாய்ச்சொல் நீதிமன்றத்தில் நிற்காது. இனி அவருக்கு எந்தச் செய்தியும் நீங்களாக அனுப்ப வேண்டாம். பொங்கல் வாழ்த்துகூட வேண்டாம்.

அந்த 12 லட்சம் தள்ளுபடிக்கு வருகிறேன். வாங்காதீர்கள். கடலோர அறிவிக்கை பிரித்திருக்கும் வகைகளில், ஊராட்சிப் பகுதி பெரும்பாலும் மூன்றாம் வகை மண்டலத்தில் வரும். 1991, 2011 அறிவிக்கைகளின்படி அங்கே உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டர் வரை புதிய கட்டுமானம் கூடாது. ஏற்கெனவே அனுமதியோடு இருக்கும் கட்டடத்தைப் பழுதுபார்க்கலாம், அவ்வளவுதான். 2008இல் கட்டிய வீட்டுக்கு அந்தச் சலுகையும் பொருந்துவது கடினம். ‘இப்போது 50 மீட்டராகக் குறைத்துவிட்டார்களே’ என்று தரகர் சொல்லக்கூடும். 2019 அறிவிக்கை குறைத்தது உண்மை. ஆனால் 2011 கணக்கெடுப்பின்படி சதுர கிலோமீட்டருக்கு 2161 பேருக்கு மேல் வாழும் ஊரகப் பகுதிக்கு மட்டும், அதுவும் புதிய அறிவிக்கைப்படி அந்தப் பகுதியின் மேலாண்மைத் திட்டம் ஒப்புதல் பெற்ற பிறகுதான். அப்படியே பொருந்தினாலும், 2008இல் அனுமதியின்றிக் கட்டியது அதனால் தானாக முறையானதாகிவிடாது. வீட்டு வரி ரசீது, மின் இணைப்பு, பட்டா, வில்லங்கச் சான்று என்று எத்தனை காகிதம் காட்டினாலும் அவற்றில் ஒன்றுகூட இந்த அனுமதிக்கு ஈடாகாது. வில்லங்கச் சான்றில் இந்தத் தடை இடம்பெறவே பெறாது.

கொச்சி மரடில் நடந்ததைச் சற்று நினைத்துப் பாருங்கள். உள்ளாட்சி அமைப்பு அனுமதி கொடுத்திருந்தது. நூற்றுக்கணக்கானவர்கள் நம்பி வாங்கிக் குடியேறினார்கள். கடலோர விதியை மீறிக் கட்டியவை என்று 2019 மே மாதம் உச்ச நீதிமன்றம் இடிக்கச் சொன்னது. 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் அடுக்குமாடிகள் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. வாங்கியவர்களின் நல்லெண்ணம் கட்டடத்தைக் காப்பாற்றவில்லை. ஒவ்வொரு குடியிருப்பு உரிமையாளருக்கும் இடைக்கால இழப்பீடாக 25 லட்சம் ரூபாய் கொடுக்க நீதிமன்றம் உத்தரவிட்டதே பெரிய ஆறுதல். தனி வீட்டுக்கு அந்த அளவு கவனம்கூடக் கிடைக்காது. குறைந்த விலைக்கு வாங்கினால், குறை தெரிந்தே வாங்கினீர்கள் என்பதற்கு அந்த விலையே ஆதாரமாகிவிடும். நாளை இடிப்பு அறிவிப்பு உங்கள் பெயருக்கு வரும். பழைய நண்பர்மீது திரும்பவும் முடியாது.

என் யோசனை சமரசம். 15 லட்சத்தில் 13 லட்சம் திரும்பினாலும் ஒப்புக்கொள்ளுங்கள். இரண்டு லட்சத்துக்காக ஓய்வுக்காலத்தை வாய்தாவில் கழிப்பது உங்களுக்குத் தகாது. அவரும் இறங்கி வருவார் என்று நம்பக் காரணம் இருக்கிறது: உங்கள் ஒப்பந்தம் பதிவாகியிருப்பதால் வில்லங்கச் சான்றில் தெரிகிறது. அதை ரத்து செய்யாமல் வேறு ஆள் வாங்க வரத் தயங்குவார். ரத்து ஆவணத்தில் உங்கள் கையெழுத்து வேண்டும்.

அந்தக் கையெழுத்தை முன்கூட்டிக் கொடுத்துவிடாதீர்கள். ‘ரத்து செய்துகொடுங்கள், வேறு ஆளுக்கு விற்றதும் தருகிறேன்’ என்பார். காசோலையும் வேண்டாம். சார்பதிவாளர் அலுவலகத்தில் வங்கி வரைவோலையைக் கையில் வாங்கி, அதன் எண்ணை ரத்து ஆவணத்தில் எழுதிய பிறகு கையெழுத்துப் போடுங்கள். கெடுத் தேதிக்குள் அவர் ஒத்துவராவிட்டால், கெடு முடிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் வழக்குத் தொடுத்தாக வேண்டும். அப்போது உங்கள் வழக்கறிஞர் முதலில் கேட்கப்போவது, இந்த வாரம் நீங்கள் அனுப்பும் அறிவிப்பின் நகலைத்தான்.