சொறியும் கினிப்பன்றிக்கு மருந்து வாங்க முன்

கேள்வி (கொக்குவில்): வீட்டில் இரண்டு கினிப்பன்றிகள் வளர்க்கிறோம். ஒன்று இரண்டு மாதமாக ஓயாமல் சொறிகிறது. தோளிலும் முதுகிலும் மயிர் கொட்டி, தோல் தடித்து, மஞ்சள் செதில் எழும்பியிருக்கிறது. கடையில் தந்த நாய்ச் சாம்பூ போட்டு மூன்று முறை முழுக வார்த்தோம். வேப்பெண்ணெயும் பூசிப் பார்த்தோம். குறையவில்லை. உறவினர் வீட்டில் மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்ரின் என்ற புழு, உண்ணி மருந்துப் போத்தல் இருக்கிறது. அதில் ஒரு துளி பருக்கலாமா?

பதில்: தயவுசெய்து பருக்க வேண்டாம். மருந்து பொருத்தமானதுதான். அந்த ஒரு துளியில்தான் ஆபத்து.

மாட்டு ஊசிமருந்துப் போத்தலில் பெரும்பாலும் 1% என்று போட்டிருக்கும். அப்படியென்றால் ஒரு மில்லிலீற்றரில் 10 மில்லிகிராம். கினிப்பன்றிக்கு மிருக வைத்தியர்கள் வழமையாகக் கொடுப்பது ஒரு கிலோ எடைக்கு 0.2 தொடக்கம் 0.4 மில்லிகிராம். 800 கிராம் நிறையுள்ள கினிப்பன்றிக்குக் கூடிய அளவைப் போட்டாலும் 0.32 மில்லிகிராம்தான் வரும். போத்தல் கணக்கில் அது 0.032 மில்லிலீற்றர். துளிகுழாயில் இருந்து விழும் ஒரு துளியோ ஏறக்குறைய 0.05 மில்லிலீற்றர். ஆக ஒரு துளியே கொடுக்கவேண்டியதைப் போல ஒன்றரை மடங்கு. 300 கிராம் குட்டி என்றால் நாலு மடங்கு. அளவு மிஞ்சினால் தள்ளாட்டம், நடுக்கம், மயக்கம் என்று போய் உயிருக்கே உலையாகலாம். சில மாட்டுப் போத்தல்களில் ஐவர்மெக்ரினோடு ஈரல் தட்டைப்புழுவுக்கான வேறு மருந்தும் கலந்திருக்கும். வைத்தியர் இன்சுலின் ஊசியால் அளப்பார், அல்லது மருந்தை ஐதாக்கிக் கொடுப்பார். வீட்டில் அந்தத் திருத்தம் வராது.

நீங்கள் எழுதியிருக்கும் அடையாளங்கள் திரிக்சாக்காரஸ் கேவியே என்ற சிரங்குச் சிற்றுண்ணிக்கு மிகவும் பொருந்துகின்றன. அது தோலுக்குள் வளை தோண்டி இருப்பது. கண்ணுக்குத் தெரியாது. சாம்பூவும் எண்ணெயும் தோலின் மேலோடு நின்றுவிடும் என்பதால்தான் மூன்று முழுக்குக்கும் அது அசையவில்லை. கடி தாங்க முடியாமல் கினிப்பன்றி தன்னைத் தானே கடித்துப் புண்ணாக்கும். முற்றினால், தொட்ட உடனே வலிப்பு வந்ததுபோலக் கால்களை உதைத்து விழும். அப்படி ஒருமுறை நடந்தாலும் தடவாமல், தூக்கி வைத்துக்கொள்ளாமல், இருட்டான பெட்டியில் வைத்து அன்றைக்கே வைத்தியரிடம் கொண்டுபோங்கள்.

சொறிவதெல்லாம் சிரங்கு இல்லை என்பதையும் பார்க்கவேண்டும். காலை வெயிலில் மயிரை எதிர்ப்பக்கமாக வகிர்ந்து பாருங்கள். காதுக்குப் பின்னாலும் பின்பக்கத்திலும் வெண்மையான, மெல்லிய, அரிசிக் குருணையிலும் சிறிய பூச்சி ஊர்ந்தால் அது பேன். மயிரில் ஒட்டிய ஈரும் இருக்கும். கறுப்புக் கடதாசியின் மேல் பிடித்துச் சீப்பினால் இன்னும் வடிவாகத் தெரியும். இந்தப் பேன் மனிதரில் வாழாது. மயிர்த் தண்டில் உப்பும் மிளகுத்தூளும் தூவியதுபோல அசையாத புள்ளிகள் என்றால் மயிர்ச் சிற்றுண்ணி. அதில் கடி குறைவு. மூக்கு, கண், காதைச் சுற்றி வட்டமாக மயிர் உதிர்ந்து செதில் பிடித்தால் படர்தாமரையைச் சந்தேகிக்கவேண்டும். பெண் கினிப்பன்றிக்கு இரண்டு விலாவிலும் ஒரே அளவாக மயிர் போய், தோல் சுத்தமாக, சொறிவே இல்லாமல் இருந்தால் அது சூலகக் கட்டியாக இருக்கலாம். அதற்குப் பூச்சிமருந்து வாங்குவது வீண்காசு.

வைத்தியர் தோலைச் சுரண்டி நுணுக்குக்காட்டியில் பார்ப்பார். சிற்றுண்ணி ஆழத்தில் இருப்பதால் ஒருமுறையில் அகப்படாமல் போவதுண்டு. 'ஒன்றும் இல்லை' என்று முடிவு வந்தாலும் அடையாளங்கள் பொருந்தினால் மருந்தைத் தொடங்குவதே வழக்கம், அதுவே சரியானதும்கூட. 7 தொடக்கம் 14 நாள் இடைவெளியில் பொதுவாக மூன்று தடவை மருந்து. மருந்து முட்டையைக் கொல்லாது. பொரித்து வருபவற்றைப் பிடிக்கத்தான் இரண்டாவதும் மூன்றாவதும். பலர் தவறுவது இந்த இடத்தில்தான். முதல் மருந்தோடு கடி குறையும், புது மயிர் அரும்பும், மிச்சத்தை விட்டுவிடுவார்கள். அடுத்த மாதம் திரும்பவும் அதே சொறி.

இரண்டாவது கினிப்பன்றி சொறியாவிட்டாலும் அதற்கும் அதே நாளில் மருந்து வேண்டும். பெண் சினையாக இருக்கக்கூடும் என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள். ஆண், பெண் பிழையாகப் பார்த்து விற்பது அடிக்கடி நடப்பதால் 'இரண்டும் பெண்' என்று கடைக்காரர் சொன்னதை மட்டும் நம்பவேண்டாம்.

முதுகில் விடும் செலமெக்ரின் என்ற சிற்றுண்ணி மருந்தையும் சில வைத்தியர்கள் தெரிவு செய்வார்கள். அது 6%, 12% என இரண்டு செறிவில் வருவதால் நாய்க்கு வாங்கிய மிச்சக் குழாயைப் பாவித்தால் இருமடங்காகிவிடலாம். பிப்ரோனில் தெளிப்பு, நாய்த் தெள்ளுக்குத் தூவும் தூள், மண்ணெண்ணெய் மூன்றையும் கிட்டவும் எடுக்காதீர்கள். கினிப்பன்றி தன்னை நக்கும், கூட்டாளியையும் நக்கும். பூசியதெல்லாம் வயிற்றுக்குள் போகும்.

மருந்து போடும் ஒவ்வொரு நாளும் கூட்டை முழுதாக ஒதுக்குங்கள். மரத்தூளையும் வைக்கலையும் பையில் கட்டி எறிந்து, துணிகளைக் கொதிநீரில் போட்டு, கூட்டைச் சவர்க்காரத்தால் உரஞ்சி நடுப்பகல் வெயிலில் காயவிடுங்கள். வெடிப்பு விட்ட மர வீட்டைக் கழிப்பது நல்லது. மருந்து முடியும்வரை கடதாசிப் பெட்டியைக் கவிழ்த்து வைத்தால் போதும், அழுக்கானால் எறிந்துவிடலாம். கீழே பழைய கடதாசி விரித்தால் செதில் விழுவதும் கண்ணில் படும்.

இப்போது நீங்கள் காசு செலவழிக்க வேண்டிய ஒரே பொருள், கிராம் காட்டும் சமையலறைத் தராசு. பிளாஸ்ரிக் கிண்ணத்தில் வைத்துக் கிழமைக்கு ஒருமுறை நிறுத்து எழுதுங்கள். மருந்தின் அளவும் அதில்தான் தங்கியிருக்கிறது. 800 கிராமில் 80 கிராம் குறைந்தால் சொறிவுக்கு அப்பாலும் ஏதோ இருக்கிறது. உங்கள் பிரதேச அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் பெரும்பாலும் மாடும் ஆடும்தான் பார்ப்பார்கள் என்பதால், கினிப்பன்றி பார்ப்பார்களா என்று முதலில் தொலைபேசியில் கேட்டுவிட்டு, வெயில் ஏற முன் காற்றோட்டமான பெட்டியில் கொண்டுபோங்கள். இந்த விலங்குக்கு வெக்கை ஆகாது.

கேள்வி (நெல்லியடி): மாரி தொடங்கியதில் இருந்து கினிப்பன்றியின் மூக்கில் வட்டமாக மயிர் போயிருக்கிறது. இப்போது மகளின் கையிலும் சிவந்த வளையம். பார்மசியில் கேட்டு வாங்கிய கிறீமை இரண்டு பேருக்கும் பூசலாமா?

பதில்: கிறீமின் பெயரைப் பாருங்கள். குளோபெற்றசோல், பெற்றாமெதசோன் என்று எதாவது கலந்திருந்தால் இரண்டு பேருக்கும் கூடாது. அது ஸ்ரெரோயிட். சிவப்பையும் கடியையும் ஓரிரு நாளில் அடக்கிக் காட்டும். அடியில் படர்தாமரையை உண்டாக்கும் பங்கசு பரவிக்கொண்டே இருக்கும். மகளைத் தோல் வைத்தியரிடம் காட்டி, வீட்டில் கினிப்பன்றி இருப்பதைச் சொல்லுங்கள். இது விலங்கில் இருந்து மனிதருக்குத் தொற்றும் படர்தாமரையாக இருக்க நியாயம் உண்டு.

கினிப்பன்றிக்குப் பூசுமருந்து மட்டுமா, ரேர்பினாபின் அல்லது இற்றாகொனசோல் என்ற பங்கசுக்கொல்லியை வாயாலும் கொடுப்பதா என்று வைத்தியர் முடிவெடுக்கட்டும். எப்படியும் கிழமைக்கணக்கில் இழுக்கும், பொதுவாக 4 தொடக்கம் 6 கிழமை. ஊதா விளக்குப் பிடித்துப் பார்த்து 'ஒளிரவில்லை, பங்கசு இல்லை' என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். கினிப்பன்றியில் அதிகம் காணப்படும் பங்கசு அந்த விளக்கில் ஒளிர்வதில்லை. மயிரைப் பிடுங்கி வளர்த்துப் பார்க்கும் சோதனையே நம்பக்கூடியது.

மாரிக் குளிரில் மரத்தூள் ஈரத்தை இழுத்து வைத்திருக்கும். பங்கசுக்கு அது போதும். கூட்டை முதலில் சவர்க்காரத்தால் கழுவி, சிறுநீர் முழுதும் போனபின், ஒரு பங்கு பிளீச்சுக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து 10 நிமிடம் விட்டு அலசுங்கள். சிறுநீர் மேல் நேராக பிளீச் ஊற்றினால் மூச்சை அடைக்கும் வாயு எழும். கையுறை போடுங்கள். பிள்ளை குணமாகும்வரை கினிப்பன்றியைத் தூக்க விடவேண்டாம்.

கேள்வி (சாவகச்சேரி): சொறிந்த புண்ணில் சீழ் வைத்திருக்கிறது. வீட்டில் அமொக்சிசிலின் மிச்சம் உண்டு.

பதில்: கொடுக்காதீர்கள், ஒரு வேளையும் வேண்டாம். பெனிசிலின், அமொக்சிசிலின், கிளின்டாமைசின் போன்றவை கினிப்பன்றியின் குடலில் உள்ள நல்ல கிருமிகளைக் கொன்று, நச்சுக் கிருமிகளைப் பெருக விட்டு, கழிச்சலில் கொண்டுபோய்ச் சாகடிக்கும். புண்ணை உப்புக் கரைத்த இளஞ்சூட்டுத் தண்ணீரால் ஒற்றித் துடைத்து, நகத்தின் நுனியை வெட்டிவிட்டு, வைத்தியரிடம் காட்டுங்கள். இதற்கென்று பாதுகாப்பான நுண்ணுயிர்க்கொல்லிகள் உண்டு. அரை நாளாக ஒன்றும் சாப்பிடவில்லை என்றால் அவசரம்.

கேள்வி (மானிப்பாய்): முயல் பெலற் தீனி ஒரு கிலோ வாங்கினேன், பொலித்தீனில் கட்டித் தந்தார்கள். சிற்றுண்ணி மருந்து முடிந்தும் மயிர் சொரசொரப்பாகவே இருக்கிறது. உணவில் பிழையா?

பதில்: இருக்கலாம். முயல் தன் உடம்பிலேயே விற்றமின் சி செய்துகொள்ளும், கினிப்பன்றியால் முடியாது. அதனால் முயல் பெலற்றில் பொதுவாக அது சேர்க்கப்படுவதில்லை. குறைந்தால் மயிர் மங்கும், புண் ஆறாது, மூட்டு நோகும், தோல் எந்தத் தொற்றுக்கும் இடம்கொடுக்கும். கினிப்பன்றிப் பெலற் என்றே வாங்கினாலும் விற்றமின் சி மூன்று மாதமளவில் பெரிதும் தேய்ந்துவிடும். உற்பத்தித் திகதி இல்லாத பொலித்தீன் பொதியில் அதை அறிய வழியில்லை.

ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 10 தொடக்கம் 30 மில்லிகிராம் வேண்டும். நம் ஊரில் இதற்குக் கொய்யா இருக்கிறது. 100 கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேல் உண்டு. பெருவிரல் நுனியளவு துண்டு, 10 கிராம், ஒரு நாளுக்குக் காணும். விதையை எடுத்துவிடுங்கள். இனிப்பு என்பதால் அள்ளி வைக்கக்கூடாது. மாற்றி மாற்றிக் குடைமிளகாய்த் துண்டு கொடுக்கலாம். முருங்கையிலையில் கல்சியம் அதிகம், சலப்பையில் கல் வைக்கும். எப்போதாவது ஒரு காம்பு போதும். தண்ணீரில் விடும் விற்றமின் துளிகளை வாங்கவேண்டாம், வெளிச்சத்தில் சில மணித்தியாலத்திலேயே கெட்டுப்போகும். நாள் முழுதும் கொறிக்கக் கழுவி உதறிய கினிப்புல்லும் அறுகம்புல்லும் இருக்கட்டும்.

அந்தப் பெலற்றுக்குப் பற்றுச்சீட்டுக் கேட்டு வாங்குங்கள். திகதி இல்லாமல் விற்கிறார்கள் என்றால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் அறிவிக்கலாம். முறைப்பாடாக எழுதிக் கொடுப்பதென்றால் வாங்கி மூன்று மாதத்துக்குள் கொடுக்கவேண்டும். பொதியை எறியாமல், கட்டியபடியே ஒரு படமும் எடுத்து வையுங்கள்.