பாக்கெட் மாவு விற்கிறது; ஃபண்டில் போடலாமா?

கேள்வி: ஐயா, எனக்கு வயது 44. ஈரோட்டில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். சீட்டு முடிந்து 4 லட்சம் ரூபாய் கைக்கு வந்திருக்கிறது. எங்கள் தெருவில் இப்போது யாரும் மாவு அரைப்பதில்லை, பாக்கெட் மாவுதான். பிஸ்கட், குளிர்பானம் வாங்காத வீடும் இல்லை. இந்தத் தொழில் இனி வளரத்தானே செய்யும்? முழுத் தொகையையும் எஃப்.எம்.சி.ஜி. (அன்றாட நுகர்பொருள் நிறுவனப் பங்குகளை வாங்கும்) ஃபண்டில் போடலாமா? மூன்று ஆண்டில் மகளைக் கல்லூரியில் சேர்க்க வேண்டும். – வாசகி, ஈரோடு

பதில்: அம்மா, உங்கள் தெருவில் நீங்கள் பார்த்தது உண்மைதான். மத்திய அரசின் குடும்பச் செலவுக் கணக்கெடுப்பும் அதையே சொல்கிறது. 1999-2000இல் கிராமத்துக் குடும்பம் 100 ரூபாய் செலவழித்தால் அதில் 59 ரூபாய் சாப்பாட்டுக்குப் போனது. 2023-24இல் அது 47 ரூபாய். சாப்பாட்டின் பங்கு இப்படிச் சுருங்கினாலும், பானங்களுக்கும் பதப்படுத்திய உணவுக்கும் மட்டும் நகரத்தில் 11 ரூபாய், கிராமத்தில் ஏறக்குறைய 10 ரூபாய் போகிறது. அரிசி, பருப்பு, பால் எதற்கும் தனியாக இவ்வளவு இல்லை. 2025 செப்டம்பர் 22 முதல் பிஸ்கட், நூடுல்ஸ், மிக்சர் போன்றவற்றின் ஜி.எஸ்.டி. 5 சதவீதமாகக் குறைந்ததும் விற்பனைக்குத் துணை நிற்கும். ஆகவே தொழில் வளரும் என்பதில் எனக்கும் சந்தேகம் இல்லை.

ஆனால் தொழில் வளர்வது வேறு, பங்கு வாங்கியவருக்குப் பணம் பெருகுவது வேறு. பெரிய உணவு நிறுவனங்கள் சிலவற்றின் பங்கு, ஆண்டு லாபத்தைப்போல் 50 மடங்குக்கும் மேல் விலை போவது வழக்கம். அதாவது நீங்கள் கொடுக்கும் 100 ரூபாய்க்கு, இன்றைய நிலையில் நிறுவனம் ஈட்டும் லாபம் 2 ரூபாய்கூட இல்லை. நாளைய வளர்ச்சிக்கான விலையையும் இன்றே வாங்கிவிடுகிறார்கள்.

மளிகைக் கடையில் தொங்கும் 10 ரூபாய் சிப்ஸ் சரத்தைப் பாருங்கள். எண்ணெய் விலை ஏறினால் அதை 11 ரூபாய் ஆக்க முடியாது. சில்லறைக்கு யார் அலைவது? எடையைத்தான் குறைக்க வேண்டும், அதற்கும் ஓர் எல்லை உண்டு. சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் நாம் இறக்குமதி செய்கிறோம். 2024 செப்டம்பரில் கச்சா பாமாயிலின் மொத்த இறக்குமதி வரி 5.5 சதவீதத்திலிருந்து ஒரே நாளில் 27.5 ஆனது. அடுத்த ஆண்டு மே இறுதியில் 16.5 சதவீதத்துக்கு இறங்கியது. போட்டியும் கடுமை. 2023இல் ரிலையன்ஸ் கேம்பா கோலாவை மறுபடி கொண்டுவந்து 200 மில்லி பாட்டிலை 10 ரூபாய்க்கு விற்கத் தொடங்கியது. குடிப்பவருக்கு லாபம், பழைய நிறுவனங்களின் பங்குதாரருக்கு அல்ல.

இன்னொன்றையும் கவனியுங்கள். எஃப்.எம்.சி.ஜி. என்றால் உணவு மட்டும் அல்ல. இந்தத் துறைப் பங்குகளின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் நிஃப்டி எஃப்.எம்.சி.ஜி. குறியீட்டில் பெரிய இடம் ஐ.டி.சி.க்கும் ஹிந்துஸ்தான் யூனிலீவருக்கும். முன்னதன் லாபத்தில் பெரும்பகுதி சிகரெட்டில் வருகிறது. பின்னது முக்கியமாகச் சோப்பு, சலவைத்தூள். பாக்கெட் மாவை நம்பிப் போடும் பணம் சிகரெட்டுக்குப் போவதை நீங்கள் விரும்புவீர்களா? ஃபண்ட் நிறுவனம் மாதந்தோறும் வெளியிடும் பங்குப் பட்டியலைப் படித்துவிட்டு முடிவெடுங்கள்.

மகளின் கல்லூரிப் பணத்தைப் பங்குச் சந்தைப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். சேர்க்கை நேரத்தில் சந்தை விழுந்திருந்தால் கல்லூரி காத்திருக்காது. 2.5 லட்சத்தைச் சேர்க்கைக்கு ஒரு மாதம் முன்பு முதிர்வடையும்படி வங்கி வைப்பில் போடுங்கள். ஒரு லட்சம் அவசரத் தேவைக்காகச் சேமிப்புக் கணக்கிலும் குறுகிய கால வைப்பிலும் இருக்கட்டும். நீங்கள் ஒருவர் சம்பாதிக்கும் வீடு என்றால் இதில் கை வைக்கவே கூடாது.

மீதி 50,000 ரூபாயை ஏழு ஆண்டுகள் தொடாமல் இருக்க முடியுமானால், மாதம் 5,000 வீதம் பத்து மாதம், பல துறைகளின் 50 பெரிய நிறுவனப் பங்குகளை வாங்கும் நிஃப்டி 50 குறியீட்டு ஃபண்டில் போடுங்கள். உங்கள் மனதில் உள்ள துறையின் பெரிய நிறுவனங்கள் சில அதிலேயே இருக்கின்றன. தனியாக உணவுத் துறை ஃபண்ட் உங்களுக்கு இப்போது வேண்டாம். மகள் படிப்பை முடித்துச் சம்பாதிக்கத் தொடங்கியபின் கேளுங்கள், அப்போது பார்க்கலாம்.