மதுரைப் பக்கம் முஸ்லிம்கள் வைக்கும் பெயர்கள் எல்லாமே அரபிப் பெயர்கள்தானா?

இல்லை. எங்கள் வீட்டுப் பெயர்களே இதற்குச் சாட்சி. நன்னா (தாத்தா) காதர் மைதீன், அத்தா (அப்பா) செய்யது இபுராகிம், சாச்சா (சித்தப்பா) சிக்கந்தர், அக்கா பானு. இதில் முழுக்க அரபியில் பிறந்தது நன்னா பெயர் ஒன்றுதான். அதுவும் நம் வாயில் புகுந்து உருமாறியது.

பாக்தாதில் 1166-இல் மறைந்த அப்துல் காதிர் ஜீலானி என்ற சூஃபி ஞானிக்கு 'முஹ்யித்தீன்' என்று பட்டம்; மார்க்கத்துக்கு உயிர் கொடுத்தவர் என்று பொருள். முகைதீன், மொகிதீன் என்றெல்லாம் தேய்ந்து கடைசியில் மைதீன். ஆக, காதர் மைதீன் என்றால் ஒரே பெரியவரின் பெயரும் பட்டமும் சேர்ந்தது. குர்ஆனைப் புரட்டிப் பெயர் தேடிய வழக்கம் அன்று குறைவு. நேர்ச்சை வைத்த தர்காவில் அடங்கியிருக்கும் பெரியவரின் பெயரைத்தான் பிள்ளைக்கு வைப்பார்கள். நாகூருக்கு நேர்ந்தால் சாகுல் ஹமீது, நாகூர் மீரான். ஏர்வாடிக்கு நேர்ந்தால் சுல்தான், செய்யது இபுராகிம். மதுரை, ராமநாதபுரம் பக்கம் ஒரே தெருவில் நாலு இபுராகிம் இருப்பதற்கு அதுதான் காரணம்.

இபுராகிமும் அரபிக்கு முந்தைய பெயர்தான். பைபிளில் வரும் ஆபிரகாம் அவரே. யூசுப், மூசா, தாவூது, மரியம் எல்லாம் அந்த வரிசை.

சாச்சா பெயர் இன்னும் தூரத்துச் சரக்கு. கிரேக்கத்து அலெக்சாண்டர்தான் சிக்கந்தர். பெயரின் முதலில் உள்ள 'அல்' தங்கள் மொழியின் 'அல்' என்றே அரபிகள் எடுத்துக்கொண்டதால் மிச்சம் இஸ்கந்தர் ஆனது, பாரசீகத்தில் சிக்கந்தர். 1335-இல் தொடங்கிய மதுரை சுல்தானியத்தின் கடைசி சுல்தானுக்கும் இதே பெயர்.

பானு பாரசீகம். பர்வீன், நஸ்ரின், யாஸ்மின் எல்லாம் அங்கிருந்து வந்தவை. பேகமும் கானும் துருக்கிய வழி. 1764-இல் இங்கே மதுரையில் தூக்கிலிடப்பட்ட, மருதநாயகம் என்று அறியப்படும் யூசுப் கானை மக்கள் கான் சாகிபு என்றார்கள். அந்தப் பெயர்தான் சுருங்கி மதுரையின் கான்சாமேட்டுத் தெருவில் நிற்கிறது. இதற்கு நடுவே ராஜா முகமது, சீனி முகமது, மீரா நாச்சியார் என்று நம்ம ஊர்ச் சொற்களும் கூச்சமில்லாமல் உட்கார்ந்திருக்கும். எனக்கு இந்தக் கலப்புப் பெயர்கள்தான் பிடிக்கும். யாரைக் கேட்டாலும் எந்தச் சீமை ஆள் என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

இப்போது அப்படி இல்லை. செல்போனில் தேடி, நாலு எழுத்துக்குள் நவீனமாக ஒன்றைப் பிடிக்கிறார்கள். 'சொர்க்கத்தின் நறுமணம்' என்று அங்கே அர்த்தம் போட்டிருக்கும். பள்ளிவாசல் அஜரத்திடம் (மார்க்கம் படித்தவர்) கேட்டால், அப்படி ஒரு சொல்லே அரபியில் இல்லை என்பார். பிள்ளையின் காதில் பாங்கு (தொழுகை அழைப்பு) சொல்லிப் பெயர் வைக்கும் முன்பே அவரிடம் கேட்டுவிட்டால் நல்லது.

இன்னொன்று, அப்துல் ரகுமான் மாதிரிப் பெயர்களை உடைக்காதீர்கள். அது 'ரகுமானின் அடியான்' என்று சேர்ந்த ஒரே பெயர். வெறும் 'அப்துல்' என்று கூப்பிட்டால் யாருடைய அடியான் என்பது தொங்கிக்கொண்டே நிற்கும். வளைகுடா போகிற எங்கள் பையன்களின் பாஸ்போர்ட்டில் இதை இரண்டாக வெட்டி, பின்பாதியைக் குடும்பப் பெயராக்கி, அங்கே போய்த் தகப்பன் பெயரோடு ஒத்துப்போகாமல் அலைகிறார்கள். பிறப்புச் சான்றிதழில் பதியும்போதே அப்துல்ரகுமான் என்று ஒட்டி எழுதச் சொல்லுங்கள். பள்ளிக்கூடத்திலும் ஆதாரிலும் அதே எழுத்துதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.