தொலைநோக்கி இல்லாமல் பள்ளி மாணவர்களுக்கு மாறும் விண்மீன்களைக் காட்ட முடியுமா?

கேள்வி: எங்கள் அறிவியல் மன்றத்தில் முப்பது மாணவர்கள் இருக்கிறார்கள். தொலைநோக்கி கிடையாது. மாறும் விண்மீன்களை வைத்து ஒரு வானோக்கு இரவு நடத்த என்ன செய்யலாம்?

பதில்:

தாராளமாக நடத்தலாம். தொலைநோக்கி இருந்தால் வரிசையில் நின்று ஆளுக்குப் பத்து நொடி எட்டிப் பார்ப்பதோடு முடிந்துவிடும். மாறும் விண்மீன் என்றால் பிரகாசம் கூடிக் குறையும் விண்மீன். வெறுங்கண் என்றால் முப்பது பேரும் ஒரே நேரத்தில் ஒரே விண்மீனை அளக்கலாம். "காட்டுவது" என்ற எண்ணத்தை விட்டுவிட்டு, ஒவ்வொருவரும் அதன் பிரகாசத்துக்கு ஓர் எண்ணை எழுத வேண்டும் என்று திட்டமிடுங்கள்.

எந்த விண்மீன் என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். முதலில் நினைவுக்கு வருவது திருவாதிரை. 2019 இறுதியில் தொடங்கி 2020 பிப்ரவரி வரை அது மங்கியது எல்லாச் செய்தித்தாளிலும் வந்தது. ஆனால் ஒரே இரவில் அதில் ஒரு மாற்றமும் தெரியாது. பிரகாசத்தை மதிப்பிட ஒப்பிட வேண்டிய ரோகிணியும் மற்றவையும் வானத்தில் வெவ்வேறு உயரத்தில், தள்ளித் தள்ளி இருக்கும். தொடுவானத்தை நெருங்க நெருங்கக் காற்றே விண்மீனை மங்கச் செய்வதால், புதியவர்கள் எண்ணைத் தவறாக எழுதுவார்கள்.

என் தேர்வு அல்கோல். இரண்டு விண்மீன்கள் ஒன்றையொன்று சுற்றுகின்றன. மங்கலானது பிரகாசமானதை மறைக்கும்போது பொலிவெண் (பிரகாசத்தின் அளவு, எண் கூடினால் விண்மீன் மங்கல்) 2.1இலிருந்து 3.4 வரை இறங்குகிறது. ஒளி ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைகிறது என்று பொருள். இறங்கி ஏற மொத்தம் சுமார் பத்து மணி நேரம். செங்குத்தான பகுதி சிறுமத்துக்கு, அதாவது மிக மங்கலாகும் நேரத்துக்கு, முந்தைய மூன்று மணி நேரம். மாணவர்கள் கண்ணெதிரே ஒரு விண்மீன் மங்கும்!

தேதியைச் சரியாகப் பிடிக்க வேண்டும். சுற்றுக்காலம் 2 நாள் 20 மணி 49 நிமிடம். ஆகவே சிறுமம் ஒவ்வொரு முறையும் கடிகாரத்தில் 3 மணி 11 நிமிடம் முன்னதாக வரும். ஒரு மாதம் 10ஆம் தேதி பின்னிரவு 12:50க்கு வந்தால், அடுத்தது 12ஆம் தேதி இரவு 9:39, அதற்கடுத்தது 15ஆம் தேதி மாலை 6:28. நடுவில் இருப்பதுதான் உங்களுக்கான இரவு. சிறும நேரத்தைக் கணித்துத் தரும் இணையப் பக்கங்கள் பெரும்பாலும் உலக நேரத்தில் தரும். ஐந்தரை மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் ஜனவரி மிகவும் தோதானது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும், மாலை ஏழு மணிக்கு அல்கோல் வடக்கே நல்ல உயரத்தில் நிற்கும். பிப்ரவரி பாதிக்கு மேல் என்றால் ஒன்பது மணிக்குள் முடித்துவிடுங்கள், அது சரிந்துகொண்டே போகும். முழுநிலவை ஒட்டிய நாட்கள் வேண்டாம்.

இடம் கண்டுபிடிக்க, கார்த்திகைக் கூட்டத்திலிருந்து தொடங்குங்கள். கையை நீட்டி முஷ்டி பிடித்தால் இரண்டு முஷ்டி தூரம் வடக்கே, சற்றே மேற்காக. ஒப்பீட்டுக்கு உதவும் விண்மீன்களும் அவற்றின் பொலிவெண்ணும்: அல்மாக் 2.1, எப்சிலான் பெர்சி 2.9, ஆல்ஃபா டிரையாங்குலி 3.4, காப்பா பெர்சி 3.8. அச்சிட்ட வரைபடத்தில் இவை 21, 29, 34, 38 என்று இருக்கும். புள்ளி வைத்தால் அதையும் விண்மீன் என்று நினைத்துவிடுவோம் என்பதால் விட்டுவிடுவார்கள். பக்கத்திலேயே இருக்கும் ரோ பெர்சியை மட்டும் யாரும் தொடக் கூடாது. அதுவும் மாறும் விண்மீன்.

அளப்பது இப்படி: அல்கோலைவிடச் சற்றுப் பிரகாசமான ஒன்று, சற்று மங்கலான ஒன்று என்று இரண்டை எடுத்து ஒப்பிட வேண்டும். அல்மாக்குக்கும் எப்சிலானுக்கும் சரிபாதியில் தெரிந்தால் 2.5. அல்மாக்கிலிருந்து நாலில் ஒரு பங்கு இறங்கியிருந்தால் 2.3. தசமத்துக்குப் பின் ஓர் இலக்கம் போதும். உற்றுப் பார்த்துக்கொண்டே இருக்கக் கூடாது, கண்ணை மாற்றி மாற்றி ஓட்ட வேண்டும்.

ஏழு மணிக்குத் தொடங்கி அரை மணிக்கொரு முறை, மொத்தம் ஆறு மதிப்பீடு. கண் இருட்டுக்குப் பழக அதற்கு முன் இருபது நிமிடத்தை ஒதுக்குங்கள். டார்ச்சுக்கு இரண்டு மடிப்பு சிவப்புக் கண்ணாடித்தாள் கட்டிவிடுங்கள், கைப்பேசிகளை ஒரு பையில் வாங்கி வைத்துவிடுங்கள். ஒரு திரை ஒளிர்ந்தால் பக்கத்தில் இருக்கும் ஐந்து பேரின் கண்ணும் கெடும்.

இதில் எதை விட்டாலும் ஒன்றை விடாதீர்கள்: எண்ணை யாரும் வாய்விட்டுச் சொல்லக் கூடாது. ஒருவர் "2.6" என்றால் அடுத்த பத்து பேரும் 2.6 என்பார்கள். துண்டுச்சீட்டில் நேரத்தையும் எண்ணையும் எழுதி மடித்துப் பெட்டியில் போடச் சொல்லுங்கள், முந்தைய சீட்டைத் திருப்பிக் கொடுக்காதீர்கள். கடைசியில் எல்லாவற்றையும் பெரிய வரைபடத்தாளில் புள்ளி வைத்தால், புள்ளிகள் 0.2, 0.3 அளவுக்குச் சிதறிக் கிடக்கும், ஆனாலும் கூட்டமாகக் கீழே இறங்கும். "என் எண் தப்பா?" என்று ஒரு குழந்தை கேட்கும். தப்பில்லை என்று அழுத்திச் சொல்லுங்கள். அளவீட்டுப் பிழை என்றால் என்ன என்று இதைவிட நன்றாக எந்தப் பாடத்திலும் சொல்ல முடியாது.

ஆர்வம் காட்டும் மாணவர்களை 1911இல் தொடங்கிய அமெரிக்க மாறும் விண்மீன் நோக்கர் சங்கத்தின் தரவுத்தளத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள். நோக்கர் குறியீடு இலவசம். முப்பது எண்களின் சராசரியை ஒரே எண்ணாக அனுப்பாதீர்கள், அவரவர் அளவீடு அவரவர் பெயரில் போகட்டும். அங்கே ஜூலியன் நாள் எண்ணும் (நாட்களை மாதம், ஆண்டு பிரிக்காமல் தொடர்ச்சியாக எண்ணும் முறை) பயன்படும். அது உலக நேரம் நண்பகலில், அதாவது நமக்கு மாலை 5:30க்கு மாறும். ஆகவே நம் ஓர் இரவு முழுக்க ஒரே நாள் எண். இரவு 9:30 என்றால் நாள் தொடங்கி நாலு மணி நேரம், அதாவது நாளில் ஆறில் ஒரு பங்கு, தசமம் .167.

இடையிலுள்ள அரை மணிகளில் சொல்ல நம் ஊர்க் கதையே இருக்கிறது. பொலிவெண் அளவைக்கு 1856இல் கணித வடிவம் தந்த நார்மன் போக்சன், 1861 முதல் நுங்கம்பாக்கத்தில் இருந்த சென்னை வானாய்வகத்தின் தலைவர். அங்கே அவரிடம் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867இல் ஆர் ரெட்டிகுலி என்ற மாறும் விண்மீனைக் கண்டுபிடித்தார். 1874இல் வெள்ளி சூரியனைக் கடந்தபோது, பொதுமக்களுக்காக இந்திய மொழிகளில் விளக்க நூல் வரக் காரணமானவரும் அவரே.

கலையும் முன் ஒரு வேலை கொடுங்கள். மறுநாள் மாலை ஏழு மணிக்கு அவரவர் மொட்டைமாடியிலிருந்து அல்கோலைப் பார்த்து ஓர் எண் எழுதி வர வேண்டும். அது 2.1க்குத் திரும்பியிருக்கும், அதை நீங்கள் முன்கூட்டிச் சொல்லிவிடாதீர்கள்.