62,000 ஓடிய டீசல் காரா, 1,48,000 ஓடிய டீசல் காரா?

கேள்வி: திண்டுக்கல்லில் இருந்து ஒட்டன்சத்திரம் பக்கம் பள்ளிக்குப் போய்வர தினமும் 60 கிலோமீட்டருக்கு மேல் ஆகிறது. 2014 மாடல் ஸ்விஃப்ட் டீசல் இரண்டு பார்த்து வைத்திருக்கிறேன். புரோக்கர் காட்டியது 62,000 கிலோமீட்டர். தெரிந்த மெடிக்கல் ரெப் ஒருவர் விற்பது 1,48,000. ரெப் வண்டியில் ஆயில் கன்னங்கரேல் என்று இருந்தது, புரோக்கர் வண்டியில் தேன் மாதிரி இருந்தது. டீசல் வண்டியைப் பத்து வருடத்தில் ஓரங்கட்டிவிடுவார்கள் என்றும் சொல்கிறார்கள். எதை வாங்கலாம்?

பதில்: டீச்சர், முதலில் அந்தத் தேன் கலர் ஆயிலைப் பேசிவிடுவோம், பாதிப் பேர் ஏமாறுவது அங்கேதான். டீசல் இன்ஜினில் புது ஆயில் ஊற்றிக் கொஞ்ச தூரம் ஓட்டினாலே கரி கலந்து கறுத்துவிடும். அது கோளாறு கிடையாது. இத்தனை வருடம் ஓடிய டீசலில் ஆயில் தேனாக இருந்தால், விற்பதற்காக நேற்றோ முந்தாநாளோ மாற்றியிருக்கிறார்கள். மாற்றியது தப்பில்லை, ஆனால் பழைய ஆயில் எந்த லட்சணத்தில் இருந்தது என்று இனி யாருக்கும் தெரியாது. நீங்கள் பயப்பட வேண்டியது ஆயில் மூடிக்கு அடியில் காபி நுரை மாதிரி வெளுத்த பசை இருந்தால். இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் தண்ணீர் ஆயிலில் கலந்திருக்கலாம், அந்த வண்டியை விட்டுவிடுங்கள்.

அடுத்து மீட்டர். 2014 வண்டி இவ்வளவு காலத்தில் 62,000 என்றால் ஒரு நாளைக்கு 20 கிலோமீட்டர்கூட வரவில்லை. அந்தக் காலத்தில் பெட்ரோல் மாடலை விட லட்சம் ரூபாய் கூடக் கொடுத்து டீசல் வாங்கியவர், கீரை வாங்கப் போவதற்கா வாங்கியிருப்பார்? டிஜிட்டல் மீட்டரைத் திருத்த லேப்டாப்பும் கொஞ்ச நேரமும் போதும். நான் இருபது வருடமாக ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன், என்னிடமே வந்து "ஆள் தெரியுமா" என்று கூச்சமில்லாமல் கேட்ட புரோக்கர்கள் உண்டு. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2219 என்றால் 2019-ஆம் வருடம் 22-ஆம் வாரம் செய்த டயர். வண்டியை விடப் புது டயர் என்றால், பழையது எத்தனை கிலோமீட்டரில் தேய்ந்தது என்று கேளுங்கள், மீட்டர் கணக்கோடு ஒத்துப்போக வேண்டும். குறைவாக ஓடியது என்று சொல்லும் வண்டியில் கிளட்ச் பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். வண்டி எண்ணைக் கொடுத்துக் கம்பெனி சர்வீஸ் சென்டரில் கடைசியாக எத்தனை கிலோமீட்டரில் வந்தது என்று ஓனரை வைத்தே கேளுங்கள். புரோக்கர் "ஓனர் வெளிநாட்டில் இருக்கிறார்" என்பார். சரி, அப்போது உங்களுக்கும் அந்த வண்டி வேண்டாம்.

உண்மையிலேயே குறைவாக ஓடிய டீசல் இல்லையா என்றால், இருக்கிறது. ஆனால் அதுவும் நல்லது என்று நினைக்காதீர்கள். ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவரின் கார், 31,000 கிலோமீட்டர், மீட்டர் சுத்தமான உண்மை, கோயிலுக்கும் மார்க்கெட்டுக்கும் மட்டும் போன வண்டி. பிக்கப் இல்லை, கரும்புகை தள்ளுகிறது என்று என்னிடம் வந்தது. காற்று உள்ளே போகும் பாதையைக் கழற்றினால், டூத்பேஸ்ட் பதத்தில் கரி அப்பிக்கொண்டு, கட்டைவிரல்கூட நுழையவில்லை. டீசல் இன்ஜின் நன்றாகச் சூடாகி, ரோட்டில் ஒரு அரைமணி நேரம் இழுத்து ஓடினால்தான் இந்தக் கரி கட்டுப்படும். இரண்டு இரண்டு கிலோமீட்டராக ஓட்டினால் புகையைத் திருப்பிவிடும் இஜிஆர் வால்வு முதலில் அடைக்கும். 2020-க்குப் பிறகு வந்த பிஎஸ்6 வண்டியில் புகைக்கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் வடிகட்டியும் சேர்ந்து அடைக்கும். ஹைவேயில் ஓடிய 1,48,000 கிலோமீட்டரை நான் பயப்படாமல் பார்ப்பேன்.

அதற்காக ரெப் வண்டியைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கச் சொல்லவில்லை. ஸ்விஃப்டில் இருப்பது ஃபியட்டின் 1.3 லிட்டர் இன்ஜின், 1248 சிசி. இதே இன்ஜின்தான் டிசையரிலும் டாடா விஸ்டாவிலும் ஓடியது, அதனால் பார்ட்ஸுக்கும் மெக்கானிக்குக்கும் பஞ்சமில்லை. வால்வுகளை இயக்க பெல்ட்டுக்குப் பதில் செயின். ஆனால் ஆயிலைக் காலத்தில் மாற்றாமல் ஓட்டினால் அந்தச் செயினே வினையாகும். பத்தாயிரத்துக்கு ஒருமுறை ஆயில் என்று வைத்தால் பதினான்கு பில்லாவது இருக்க வேண்டும், கேளுங்கள். (டஸ்டர், போலோ மாதிரி பெல்ட் வண்டி பார்த்தால் பெல்ட் மாற்றிய பில் இல்லாமல் பேச்சே எடுக்காதீர்கள். அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும்.)

காலையில், சொல்லாமல் போய் நில்லுங்கள். பானட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் நீங்கள் வருவதற்கு முன்பே ஓடவிட்டிருக்கிறார்கள், வேறு நாள் வருகிறேன் என்று திரும்புங்கள். ஆறிக் கிடக்கும் இன்ஜினை ஸ்டார்ட் செய்யும்போது சில விநாடி சங்கிலி உரசும் சத்தம் கேட்டால் செயின் செட் செலவு. நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது, டர்போவோ பிஸ்டன் ரிங்கோ. கரும்புகை நிற்கவே இல்லை என்றால் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரைச் சந்தேகியுங்கள், நான்கையும் மாற்ற வேண்டி வந்தால் உங்கள் சம்பளத்தில் பெரிய ஓட்டை. அப்புறம் இன்ஜின் ஓடும்போதே ஆயில் மூடியைத் திருகி, கவிழ்த்து அங்கேயே வையுங்கள். லேசாக ஆடினால் பரவாயில்லை. இட்லிக் குண்டான் மூடி மாதிரி குதித்துப் புகை தள்ளினால் உள்ளே கம்ப்ரஷன் போய்விட்டது.

பத்து வருடக் கணக்கு டெல்லி வட்டாரத்துக்கு 2015-இல் பசுமைத் தீர்ப்பாயம் போட்டது. இங்கே 15 வருடம் முடிந்ததும் எஃப்சி (தகுதிச் சான்று) காட்டிப் பதிவைப் புதுப்பிக்கலாம். உங்களுக்கு அதில் வேறு ஆபத்து: அந்தத் தடையால் அங்கே கழித்த டீசல் வண்டிகள் இங்கே மலிவாக வந்து இறங்கியிருக்கின்றன. புரோக்கர் வண்டியின் பழைய பதிவு எண் என்ன, எந்த ஊர்ப் பதிவு என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

பழைய கார் விற்கும் டீலர் ஆர்டிஓ அங்கீகாரம் வாங்க வேண்டும், வண்டி கைக்கு வந்ததை ஆர்டிஓவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2023 ஏப்ரலில் இருந்து விதி இருக்கிறது. விதி பேப்பரில் சுகமாக இருக்கிறது, இங்கே இன்னும் கையெழுத்து மட்டும் போட்ட, பெயர் மாற்றும் 29, 30 ஃபார்ம்களை டிராயரில் வைத்துக்கொண்டு வண்டியைக் கைமாற்றுகிறார்கள். கேட்க ஆளில்லை. ஓனர் நேரில் வந்து கையெழுத்துப் போடட்டும். லோன் இருந்த வண்டி என்றால் கடன் பாக்கி இல்லை என்ற பேங்க் என்ஓசியும், ஆர்சியில் கடன் குறிப்பை நீக்கும் ஃபார்ம் 35-உம் கையில் வந்த பிறகே பணம். அப்போதும் முழுதாகக் கொடுக்காதீர்கள், ஒரு பதினைந்தாயிரத்தை ஆர்சி உங்கள் பெயரில் வரும்வரை பிடித்து வையுங்கள். ரெப் தெரிந்தவர்தானே என்று கூச்சப்பட வேண்டாம், அவரிடமும் இதையே சொல்லுங்கள்.