சாவி யாரிடம்?

அன்புள்ள அக்கா,

சில வருடங்களாக உங்கள் கட்டுரைகளை வாசிக்கிறேன். எனக்கு 41 வயது, தனியாக வசிக்கிறேன். அடுத்த மாதம் எடை குறைப்பு ஆபரேஷன், இரைப்பையைச் சின்னதாக்கும் ஸ்லீவ், செய்துகொள்ளப் போகிறேன். வீட்டில் யாருக்கும் தெரியாது. அலுவலகத்தில் ஹெர்னியா என்று சொல்லி 15 நாள் விடுப்பு வாங்கியிருக்கிறேன். யார் துணையும் இல்லாமல் சமாளித்துவிடலாம் என்று நினைக்கிறேன். யாருக்கும் தொந்தரவு கொடுத்து எனக்குப் பழக்கமில்லை. வாங்கி வைக்கவேண்டிய பொருட்களின் பட்டியலை இணைத்திருக்கிறேன், ஏதாவது விட்டுப்போயிருந்தால் சொல்லுங்கள். புரோட்டீன் பவுடர் எத்தனை டப்பா வாங்கி வைக்கலாம்? அண்ணனிடம் மட்டும் சொல்லலாமா என்று ஒரு யோசனை. இன்னொன்று, இது மனஉறுதி இல்லாதவர்கள் எடுக்கும் குறுக்குவழி என்று ஒருவர் சொன்னது மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

எம்.

அன்புள்ள எம்.,

பட்டியலை முழுக்கப் படித்தேன். அளவுக்கோடு போட்ட குடுவை, சின்னக் கிண்ணங்கள், குட்டிக் கரண்டி, மிக்ஸி, எடை பார்க்கும் மெஷின், சாய்ந்து படுக்கத் தலையணைகள், முன்பக்கம் பொத்தான் வைத்த தொளதொள உடைகள், நீளமான சார்ஜர் ஒயர். ஒயரைக்கூட யோசித்திருக்கிறீர்கள். ஆனால் அதில் ஒரு மனுஷர் பெயர்கூட இல்லை. படித்து முடித்ததும் எனக்கு வந்தது கோபம்தான். தனியாக வாழ்கிறவர்கள் உடம்புக்கு முடியாமல் படுக்கும்போது என்ன ஆகிறது என்று கொஞ்ச காலமாகவே யோசித்துக்கொண்டிருக்கிறேன். இல்லாவிட்டால் ஆபரேஷன் பற்றிய கடிதத்துக்கு என்னிடம் என்ன பதில் இருக்கப்போகிறது, நான் டாக்டரா?

குறுக்குவழி விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன், அதற்கு அவ்வளவுதான் மரியாதை. 1999-இல் ஜப்பானில் கோஜிமாவும் கங்காவாவும் சேர்ந்து கிரெலின் என்ற ஹார்மோனைக் கண்டுபிடித்தார்கள். பசியைத் தூண்டுவது அது. பெரும்பகுதி இரைப்பையின் மேல்பாகத்தில் சுரக்கிறது. பட்டினி கிடந்து எடையைக் குறைத்தால் ரத்தத்தில் இதன் அளவு ஏறிவிடுகிறது. இழந்ததைத் திரும்பப் பிடிக்க உடம்பு பார்க்கிறது. ஸ்லீவில் இரைப்பையில் ஏறத்தாழ 80 சதவீதத்தை, அந்த மேல்பாகத்தோடு சேர்த்து, எடுத்துவிடுகிறார்கள். சுரக்கிற இடமே பெரும்பாலும் போய்விடுகிறது. இதில் மனஉறுதி எங்கே வந்தது? அப்படிச் சொன்னவரை, ஆபரேஷனுக்குப் பிறகு நீங்கள் குடிக்கப்போகிற மாதிரி, ஒரே ஒரு வாரம் 30 மில்லி, 30 மில்லியாகத் தண்ணீர் குடித்துக் காட்டச் சொல்லுங்கள், அப்புறம் பேசலாம்.

ஹெர்னியா என்று அலுவலகத்தில் சொன்னதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. உங்கள் வயிறு, உங்கள் விடுப்பு. ஆனால் அந்தப் பொய் எந்த டாக்டரிடமும் போய்ச் சேரக்கூடாது. நடுராத்திரியில் ஏதோ ஒரு ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போக நேர்ந்தால், அங்கே பணியில் இருப்பவருக்கு உங்களைப் பற்றி ஒன்றும் தெரியாது. வலி என்றால் டைக்ளோஃபெனாக் ஊசி போடுவார். அந்த வகை வலிமருந்துகள் தையல் ஆறாத இரைப்பைக்கு ஆகாது. இன்னொரு எடை குறைப்பு ஆபரேஷனான இரைப்பை பைபாஸ் செய்தவர்களுக்குப் புண்ணே வந்துவிடலாம். வாந்தி என்றால் மூக்கு வழியாகக் குழாய் விடப் பார்ப்பார். புதுத் தையலில் குத்துமதிப்பாகக் குழாய் விட்டால் கிழியலாம். நாள்கணக்கில் வாந்தி எடுத்தவருக்கு வைட்டமின் பி1 கொடுக்காமல் வெறும் குளுக்கோஸ் ஏற்றினால் மூளையையே பாதிக்கலாம். என்ன ஆபரேஷன், எந்தத் தேதி, எந்த சர்ஜன், அவர் ஃபோன் நம்பர், இவ்வளவையும் ஒரு சீட்டில் எழுதி பர்ஸில் வையுங்கள், ஃபோன் உறைக்குள்ளும் ஒன்று இருக்கட்டும். பட்டியலில் விட்டுப்போன பொருள் எது என்று கேட்டீர்களே, இதுதான்.

இனி ஆள் விஷயம்.

என் தோழி ஒருத்தி இதே ஆபரேஷன் செய்துகொண்டாள். அவளும் உங்களைப் போலத்தான், யாருக்கும் மூச்சுவிடவில்லை. எனக்குத் தெரிந்ததுகூட, மயக்கமருந்து கொடுக்கப்பட்டவரைக் கூட்டிப்போக ஒரு ஆள் வராமல் வீட்டுக்கு அனுப்ப மாட்டோம் என்று ஆஸ்பத்திரியில் கறாராகச் சொன்னதால்தான். கொண்டுபோய் வீட்டில் விட்டேன். கதவைத் திறந்து, தலையணையைச் சாய்த்து, மாத்திரைகளை அடுக்கி முடிப்பதற்குள் "நீ கிளம்பு, எனக்கு ஒண்ணும் இல்ல" என்று விரட்டிவிட்டாள். ஒரு சாவியை மட்டும் சண்டை போட்டு வாங்கிக்கொண்டேன். அப்புறம் தினமும் காலையும் இரவும் ஃபோன். எவ்வளவு குடித்தாய், சிறுநீர் என்ன நிறம், பல்ஸ் எவ்வளவு. போலீஸ்காரி மாதிரி பேசுகிறாய் என்பாள். முதல் சில நாட்கள் பதிலெல்லாம் பளிச்சென்று இருந்தன.

ஒருநாள் இரவு அவள் குரலில் ஏதோ சரியில்லை. நல்லா இருக்கேன், குடிச்சுக்கிட்டே இருக்கேன் என்றாள். அதையே இன்னொரு தடவை சொன்னாள், முதல் தடவை சொன்னதே நினைவில்லாத மாதிரி. பாட்டிலை எடுத்து எவ்வளவு மிச்சம் என்று பார்க்கச் சொன்னேன். நெடுநேரம் கழித்து, முக்கால்வாசி அப்படியே இருக்கிறது என்றாள். பகல் முழுக்கக் குடித்துக்கொண்டே இருந்ததாக அவள் மனப்பூர்வமாக நம்பியிருக்கிறாள். வாயருகே கொண்டுபோனதெல்லாம் அவள் கணக்கில் குடித்ததாகிவிட்டது. காலையிலிருந்து சிறுநீர் போகவில்லை. "தூங்கினா சரியாயிடும், வராதே" என்றாள்.

போனேன். சாவி திரும்பியது, கதவு திறக்கவில்லை. உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தாள்! தட்டித் தட்டிக் கை வலித்து, பக்கத்து வீட்டுக்காரர்கள் வெளியே வந்து, அப்புறம்தான் சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வந்து திறந்தாள். தட்டினது கேட்டிருக்கிறது. யாரோ வேறு வீட்டைத் தட்டுகிறார்கள் என்று நினைத்தாளாம். ஆஸ்பத்திரியில் ட்ரிப்ஸ் ஏற்றினார்கள், கூடவே பி1 ஊசியும். நீர்ச்சத்து வற்றியதுதான், வேறொன்றுமில்லை. இந்த ஆபரேஷன் செய்தவர்கள் திரும்ப ஆஸ்பத்திரி வாசலை மிதிப்பதற்குப் பொதுவான காரணங்களில் அதுவும் ஒன்று. மறுநாளே என்னோடு வம்பளக்கும் அளவுக்குத் தேறிவிட்டாள். அந்த உள்தாழ்ப்பாளுக்காக நான் திட்டியது மட்டும் இன்றைக்கும் தீரவில்லை. உங்களிடமும் சொல்கிறேன்: அந்த இரண்டு வாரமும் உள்தாழ்ப்பாள் போடாதீர்கள். பூட்டு மட்டும், வெளியிலிருந்தும் சாவியால் திறக்கிற பூட்டு. சாவி இன்னொருவரிடம் இருக்கவேண்டும். உங்கள் மேஜை டிராயரில் இருக்கும் மாற்றுச் சாவி சாவியே இல்லை.

தனியாக இருந்தால் யார் கஞ்சி வைத்துக் கொடுப்பது, யார் கைபிடித்து எழுப்புவது என்றுதான் எல்லோரும் கவலைப்படுகிறார்கள். அதையெல்லாம் நீங்கள் சமாளித்துவிடுவீர்கள், எனக்குச் சந்தேகமே இல்லை. இப்போது பெரும்பாலும் சின்னத் துளைகள் வழியாகச் செய்கிறார்கள்; ஆபரேஷன் முடிந்த சில மணி நேரத்திலேயே நடக்க வைத்து, ஓரிரு நாளில் வீட்டுக்கும் அனுப்பிவிடுகிறார்கள். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. உடம்பு மோசமாகும்போது, மோசமாகிறது என்று கண்டுபிடிக்கவேண்டிய மூளையும் சேர்ந்தே மந்தமாகிறது. கூட ஒருவர் இருந்தால் முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார். தனியாக இருப்பவருக்குத் தன் குரல் குழறுவது தனக்குக் கேட்காது. போதாததற்கு இந்த ஆபரேஷனில் பசி என்கிற மணியையே கழற்றிவிடுகிறார்கள். வேளைக்குச் சாப்பிடவும் குடிக்கவும் நினைவூட்ட உள்ளே யாரும் இல்லை. நாளுக்கு ஒன்றரை லிட்டர் குடிக்கச் சொல்லி அனுப்புவார்கள். வாய் வாயாகக் குடித்து அதை எட்டுவது முழுநேர வேலை.

தோள்வலியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆபரேஷனுக்காக வயிற்றுக்குள் கார்பன் டை ஆக்சைடு நிரப்புவார்கள். அது நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கும் உதரவிதானத்தை உறுத்துவதால் தோளில் வலிக்கும், நடந்தால் சில நாளில் குறைந்துவிடும், பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் தையல் கசிந்தாலும் இடது தோளில் வலி வரலாம். முதல் வலி நாளுக்கு நாள் குறையும், இரண்டாவது ஏறும். ராத்திரி இரண்டு மணிக்குத் தனியாகப் படுத்திருப்பவருக்கு எல்லா வலியும் ஒன்றுதான். "நேத்து இதைவிடக் கம்மியா இருந்துச்சுன்னு சொன்னியே" என்று சொல்ல நேற்றையதைக் கேட்ட ஒருவர் வேண்டும்.

கசிவு பல நேரங்களில் வீட்டுக்கு வந்த பிறகுதான் தலைகாட்டும். வயிற்றுவலியோ காய்ச்சலோ வருவதற்கு முன்பே பல்ஸ் ஏறிவிடலாம். சும்மா படுத்திருக்கும்போதே நிமிடத்துக்கு 120-ஐ ஒட்டி ஓடிக்கொண்டிருந்தால் அது பதற்றம் இல்லை, விடியட்டும் என்று காத்திருக்கும் சமாச்சாரமும் இல்லை. எந்த எண்ணைத் தாண்டினால் கூப்பிடவேண்டும் என்று உங்கள் சர்ஜனிடமே கேட்டு எழுதி வாங்குங்கள். பிரஷருக்கோ இதயத்துக்கோ கொடுக்கும் பீட்டா பிளாக்கர் சாப்பிடுகிறவராக இருந்தால் அதையும் சொல்லிக் கேளுங்கள், அந்த மாத்திரை பல்ஸை ஏறவிடாமல் மறைத்துவிடும். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ யோசிக்கவே யோசிக்காதீர்கள். காலில் உறைந்த ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போய்விட்டால் அவகாசம் கிடையாது.

இவ்வளவும் தெரிந்துதான் "யாருக்கும் தொந்தரவு கொடுத்துப் பழக்கமில்லை" என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். அது என்ன பெருமை? மற்றவர்களுக்கு முடியாதபோது நீங்கள் போய் நின்றிருப்பீர்கள், உங்கள் கடிதத்தின் தொனியே சொல்கிறது. அப்போது அவர்கள் உங்களுக்குத் தொந்தரவா? பருமனாக இருப்பவர்களுக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கிவிடும் கூச்சம் இது: ஏற்கெனவே அதிக இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறோம், இதற்கு மேல் எதையும் கேட்கக்கூடாது என்று. என் தோழியிடமும் பார்த்தேன். ஃபோனை எடுத்ததுமே "சாரி, உன் தூக்கத்தைக் கெடுக்கிறேன்" என்பாள், கூப்பிட்டது நான். அறுவைக் கத்தி இரைப்பையை வெட்டும், இதை வெட்டாது. இதை நீங்களேதான் பார்த்துக்கொள்ளவேண்டும்.

அதற்காகப் பாசமுள்ளவரைத் தேடாதீர்கள். ஃபோனை எடுக்கிறவரைத் தேடுங்கள். கண்ணீர் விடும் சொந்தக்காரரைவிட, மாடிப்படியில் பார்த்தால் தலையாட்டும் பக்கத்து வீட்டுக்காரர் மேலாக இருக்கலாம். என்ன ஆபரேஷன் என்றுகூட அவருக்குச் சொல்லவேண்டாம், வயிற்றில் ஆபரேஷன் என்றால் போதும். காலையில் ஒரு தடவை, இரவில் ஒரு தடவை. ஃபோனை எடுக்காவிட்டால் வந்து கதவைத் திறக்கவேண்டும், திறந்ததும் கூப்பிடவேண்டிய நம்பர் கதவுக்குப் பின்னாலேயே ஒட்டியிருக்கவேண்டும். "நல்லா இருக்கேன்" என்ற பதிலை ஏற்கக்கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பாட்டிலில் மிச்சம் எவ்வளவு, பல்ஸ் எவ்வளவு, எண்ணாகச் சொன்னால்தான் கணக்கு.

அண்ணன்? அவரைப் பற்றி ஒரு வரிகூட எழுதாமல் நான் எப்படிச் சொல்வது. மேலே சொன்னதைச் செய்வார் என்றால் சொல்லுங்கள். உபதேசம்தான் வரும் என்றால் எடை இறங்கிய பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

வீட்டை ஒழுங்குபடுத்துவது பெரிய விஷயமே இல்லை. அன்றாடம் எடுக்கும் சாமான்களை இடுப்பு உயரத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள், பாரம் தூக்குவதெல்லாம் சில வாரங்களுக்குக் கிடையாது. படுக்கையிலிருந்து ஒருக்களித்துப் புரண்டு கையை ஊன்றி எழுவதற்கு இப்போதே பழகுங்கள். எந்த மாத்திரையைப் பொடிக்கலாம், எதைப் பொடிக்கவே கூடாது என்று கேட்டுக்கொள்ளுங்கள். சர்க்கரைக்கோ பிரஷருக்கோ மருந்து சாப்பிடுகிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. சாப்பிட்டால் டிஸ்சார்ஜ் அன்றே புது அளவை எழுதி வாங்காமல் கிளம்பாதீர்கள். சாப்பாடு இவ்வளவு குறைந்த பிறகு பழைய அளவையே போட்டால் குளியலறையில் மயங்கி விழுவீர்கள், அங்கே தாழ்ப்பாள் வேறு இருக்கும்.

புரோட்டீன் பவுடர் ஒரு சின்ன டப்பா போதும். நாளுக்கு 60 கிராம் புரதமாவது வேண்டும் என்பார்கள், அதைக் கணக்குப் போட்டு மூட்டையாக வாங்கிவிடாதீர்கள். ஆபரேஷனுக்குப் பிறகு பலருக்கு நாக்கே மாறிவிடுகிறது, முன்பு பிடித்த இனிப்பு வாயில் வைக்கமுடியாமல் குமட்டும். என் தோழி ஆசையாக வாங்கி அடுக்கிய சாக்லேட் சுவை டப்பாக்களை எல்லாம் நான்தான் எடுத்துப்போய்க் குடித்துத் தீர்த்தேன். எனக்கு எடை ஏறியதுதான் மிச்சம்.