வீடு முழுவதும் உங்களுடையதா? உயிலுக்கு முன் ஒரு கணக்கு

கேள்வி: எனக்கு வயது 68. என் கணவர் 2016-ல் மாரடைப்பில் போய்விட்டார். உயில் எதுவும் எழுதவில்லை. அவர் சொந்தச் சம்பாத்தியத்தில் மனை வாங்கிக் கட்டிய வீட்டில் சின்ன மகன் குடும்பத்தோடு இருக்கிறேன். பட்டா, வீட்டு வரி, கரண்ட் இணைப்பு எல்லாம் அப்போதே என் பெயருக்கு மாற்றியாகிவிட்டது. பெரிய மகன் அமெரிக்காவில், மகள் திருச்சியில். மாமனார் முன்பே இல்லை. எங்களோடு இருந்த மாமியார் 2018-ல் காலமானார். எனக்கு ஒரே நாத்தனார். வீட்டைச் சின்னவனுக்கும், 1998-ல் என் பெயரில் வாங்கிய காலி மனையைப் பெரியவனுக்கும், நகைகளை மகளுக்கும் எழுதிவைக்க ஆசை. “உயிலெல்லாம் எதுக்கு, இப்பவே செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்துடுங்க” என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். “உயில் எழுதினா ஆயுசு குறையும்” என்கிறாள் என் அக்கா. நான் எங்கிருந்து தொடங்குவது?
— ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: அன்புள்ள அம்மா,

யாருக்கு எது என்று மனதில் பிரித்துவிட்டீர்கள். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய ஒன்று இருக்கிறது: எழுதிவைக்க உங்களிடம் இருப்பது எவ்வளவு? இதைப் படிக்கும்போது உங்களுக்கு மனது கஷ்டப்படலாம், ஆனாலும் சொல்லியாக வேண்டும். அந்த வீட்டில் உங்களுக்கு உள்ளது ஐந்தில் ஒரு பங்குதான்.

பட்டா என் பெயரில் இருக்கிறதே என்பீர்கள். பட்டாவோ வரி ரசீதோ உரிமையைத் தராது. உங்கள் கணவர் உயில் எழுதாமல் இறந்ததால், அந்த நிமிஷமே 1956-ம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் அவர் வீட்டைப் பிரித்துவிட்டது. (நீங்கள் இந்துக் குடும்பம் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். கிறிஸ்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் கணக்கு வேறு.) மனைவி, பிள்ளைகள், அவருடைய தாய் எல்லோரும் முதல் வகுப்பு வாரிசுகள், எல்லோருக்கும் சம பங்கு. மகளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது, சீர் செய்தாகிவிட்டது என்பதால் அவள் பங்கு குறையாது. ஆக 2016-ல் அந்த வீடு ஐந்து பேருக்குப் போனது: நீங்கள், மூன்று பிள்ளைகள், உங்கள் மாமியார். தாசில்தார் கொடுத்த வாரிசுச் சான்றிதழ் பீரோவில் இருக்கும், எடுத்துப் பாருங்கள். மாமியார் பெயரும் அதில் இருக்க வேண்டும்.

அடுத்தது 2018. உங்கள் மாமியாரும் உயில் எழுதவில்லை என்றால், அவருடைய ஐந்தில் ஒரு பங்கு அவர் பெற்ற பிள்ளைகளுக்குப் போகும். பாதி உங்கள் நாத்தனாருக்கு. மீதிப் பாதி, அவருக்கு முன்பே இறந்துவிட்ட மகனின், அதாவது உங்கள் கணவரின், பிள்ளைகள் மூவருக்கும். மருமகளான உங்களுக்கு அதில் ஒன்றுமில்லை. வீட்டை 30 பாகமாக வைத்துப் பார்த்தால் உங்களுக்கு 6, பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் 7, நாத்தனாருக்கு 3.

இது தெரியாமல் ‘வீடு முழுவதும் சின்ன மகனுக்கு’ என்று எழுதியிருந்தால், உங்கள் காலத்துக்குப் பிறகு அவன் கையில் நிற்பது உங்களுடைய 6 பாகமும் அவனுடைய 7-ம் மட்டுமே. கடைசிவரை உங்களைப் பார்த்துக்கொண்ட பிள்ளை, வீட்டை விற்கவோ கடன் வாங்கவோ போகும் நாளில்தான் பேங்க் வக்கீல் சொல்லித் தெரிந்துகொள்வான். அதற்குள் நாத்தனாரும் இல்லாமல் போனால், அவர் பிள்ளைகள் ஒவ்வொருவரிடமும் போய்க் கையெழுத்துக்கு நிற்க வேண்டும். இப்படி உடன்பிறந்தவர்கள் கோர்ட்டில் எதிரெதிரே நிற்பதைப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன். அவர்களில் பலர் கெட்டவர்கள் இல்லை. பெரியவர்கள் செய்யாமல் விட்டுப்போன ஒரு வேலையின் பாரத்தைச் சுமந்தவர்கள்.

உங்கள் அக்காவுக்கும் இதுவே என் பதில். உங்கள் கணவர் உயில் எழுதவில்லை, அதனால் அவர் ஆயுசு கூடிவிடவில்லை. ஒரு தாளில் எழுதிவைத்திருந்தால் இன்று உங்களுக்கு இந்தக் கணக்கே இல்லை.

வழி இருக்கிறது. பெரிய மகனும் மகளும் நாத்தனாரும் மனமொத்துத் தங்கள் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் பதிவு செய்து தரலாம். யாருக்கு விடுவிக்கிறார்கள் என்பதைப் பொறுத்து முத்திரைக் கட்டணம் மாறும். குடும்பத்துக்கான சலுகை நாத்தனார் விஷயத்தில் பொருந்துமா என்பதை முன்னதாகவே விசாரித்துக்கொள்ளுங்கள். பெரியவன் வர முடியாவிட்டால் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்று பெற்ற பவர் பத்திரம் அனுப்பலாம். அது இங்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரையிட வேண்டும். நாத்தனாரிடம் நீங்களே நேரில் போய்ப் பேசுங்கள், மகனை அனுப்பாதீர்கள். அவர் பணம் கேட்டால் அதை நியாயமில்லை என்று நினைக்காதீர்கள். அது அவர் அம்மா வழியில் வந்த பங்கு.

ஆனால் இது முடியட்டும் என்று உயிலைத் தள்ளிப்போட வேண்டாம். உயில் உங்கள் காலத்துக்குப் பிறகுதான் பேசும், அதனால் இனி வரப்போவதையும் அதில் சேர்க்கலாம். ‘இந்த வீட்டில் எனக்குள்ள பங்கும், பின்னால் எனக்கு வந்து சேரும் பங்கும்’ என்று எழுதுங்கள். காலி மனை உங்கள் பெயரில் கிரயம் ஆனது, நகைகளும் உங்களுடையவை. அவற்றில் யாரையும் கேட்க வேண்டியதில்லை. மனைக்குக் கிரயப் பத்திர எண், சர்வே எண், நாலாபக்க எல்லை எல்லாம் பத்திரத்தில் உள்ளபடியே வரட்டும். நகைகளை ‘என் நகைகள்’ என்று ஒரே வார்த்தையில் முடிக்காமல், இன்ன சங்கிலி, இத்தனை பவுன் என்று தனித்தனியே எழுதி, போட்டோவும் எடுத்துவையுங்கள். பட்டியலில் விட்டுப்போனது யாருக்கு என்றும் ஒரு வரி வேண்டும். வங்கியில் டெபாசிட் இருந்தால் யார் நாமினி என்று பாருங்கள். நாமினி பணத்தை வாங்கிக்கொள்ளத்தான், உரியவர் யார் என்பதை உயில் சொல்லும். இரண்டிலும் வேறு வேறு பெயர் இருந்தால் சண்டைக்கு நீங்களே விதை போடுகிறீர்கள்.

பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன செட்டில்மெண்ட் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. செட்டில்மெண்ட் பதிவான அன்றே சொத்து கைமாறிவிடும், உங்கள் இஷ்டத்துக்குத் திரும்ப எடுக்க முடியாது. பராமரிப்பேன் என்ற நிபந்தனையோடு வாங்கிக்கொண்டு கைவிட்டால் அதை ரத்து செய்ய 2007-ம் ஆண்டின் மூத்த குடிமக்கள் சட்டத்தில் 23-ம் பிரிவு இருக்கிறது. உங்கள் மகன் நல்லவன் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் 80 வயதில் அதிகாரி முன்னால் மனுவோடு நிற்கும் நிலைக்கு எந்தத் தாயும் இடம் கொடுக்கக் கூடாது. உயிலை நினைவு தெளிவாக இருக்கும்வரை எத்தனை முறையும் மாற்றலாம்.

உயிலுக்கு முத்திரைத் தாள் தேவையில்லை, வெள்ளைத் தாள் போதும். உங்கள் கையெழுத்தும், நீங்கள் கையெழுத்திட்டதைப் பார்த்த இரண்டு சாட்சிகளின் கையெழுத்தும் கட்டாயம். உயிலில் என்ன இருக்கிறது என்று சாட்சிகளுக்குத் தெரிய வேண்டியதில்லை. ஆனால் உயிலை நிரூபிக்க நாளை அவர்களில் ஒருவராவது கோர்ட்டுக்கு வர வேண்டியிருக்கும். உங்களைவிட வயதில் சிறியவராக, ஊரிலேயே இருப்பவராகத் தேடுங்கள். உங்களைப் பார்க்கும் டாக்டர் சாட்சியாக வந்தால் மிகவும் நல்லது. பிள்ளைகளோ மருமக்களோ சாட்சி போட வேண்டாம். சின்ன மகன் உங்களைப் பத்திர எழுத்தரிடம் கூட்டிப்போவதும், பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுப்பதும் கூடவே கூடாது. ஆதாயம் பெறுபவரே முன்னின்று எழுதவைத்த உயிலைச் சந்தேகத்தோடுதான் கோர்ட் பார்க்கும். 1958-ல் உச்ச நீதிமன்றம் வெங்கடாசல ஐயங்கார் வழக்கில் சொன்னது இன்றும் நிற்கிறது. ஒருவருக்குக் கூடவும் ஒருவருக்குக் குறையவும் கொடுத்தால், ஏன் என்று உங்கள் வார்த்தையிலேயே இரண்டு வரி எழுதுங்கள். கோர்ட்டுக்கு அது உதவும். அதைவிட, குறைவாகப் பெறும் பிள்ளைக்கு அம்மா தன்னை மறக்கவில்லை என்று தெரியும்.

பதிவு கட்டாயமில்லை, ஆனால் செய்துவிடுங்கள். உயில் வில்லங்கச் சான்றில் வராது. நீங்கள் இருக்கும்வரை உங்களையோ உங்கள் ஏஜெண்டையோ தவிர வேறு யாருக்கும் நகல் தர மாட்டார்கள். அதனால் வீட்டில் விஷயம் கசிந்துவிடுமோ என்ற பயம் வேண்டாம். நடக்க முடியாத நிலை வந்தால் சார்பதிவாளரே வீட்டுக்கு வந்து பதிவு செய்யவும் சட்டம் இடம் தருகிறது.

உயிலை நிறைவேற்ற ஒருவர் பெயரையும் எழுதுங்கள். உங்கள் மகளே இருக்கலாம், மூவருக்கும் பொதுவான ஒரு பெரியவரும் இருக்கலாம். அசலை உங்கள் பெயரில் மட்டும் உள்ள பேங்க் லாக்கரில் வைக்காதீர்கள், அதைத் திறப்பதற்கே பிள்ளைகள் அலைய வேண்டியிருக்கும். வீட்டுப் பத்திரங்களோடு ஒரே உறையில் வைத்து, அது எந்த அலமாரியில் இருக்கிறது என்பதை நிறைவேற்றுபவரிடம் மட்டும் சொல்லிவையுங்கள்.